புரட்டாசியிலிருந்து ஆவணிக்கு வந்துவிட்ட அறுவடை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ‘உலக ஒயின் தோட்டங்களில் 90 சதவீதம் அழியும்’ என்றொரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. காரைக்காலில் இருக்கும் என் தம்பி மகள் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, ‘அத்தை, உங்கள் ஊரைப் பற்றிப் போட்டிருக்கிறார்கள்’ என்று அனுப்பினாள். ஆசையோடு படித்தேன். எட்டு வரிச் செய்தி. எட்டாவது வரி இது: ‘இனி குடிமகன்கள் பாடு திண்டாட்டம்தான்!’

நான் பாவாடை தாவணி கட்டிய காலத்திலிருந்து பத்திரிகைகள் இந்தக் ‘குடிமகன்’ சிலேடையை விடாமல் எழுதிவருகின்றன. ஒரே கடலையை ஐம்பது ஆண்டு வறுத்தால் என்ன மிஞ்சும்? போகட்டும். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. குடி என்றாலே ஆகாது. என் அண்ணனை நாற்பத்தொரு வயதில் சாராயம் கொண்டுபோனது. மதுவுக்குப் பரிந்து பேச எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் பிரான்சில் பூர்கோஞ் வட்டாரத்தில், உங்கள் செய்தியில் பர்கண்டி என்று அச்சாகியிருந்த அதே இடத்தில், 1987 முதல் 2024 வரை திராட்சைத் தோட்டக் கூலியாக வேலை பார்த்தவள் நான். குளிர்காலத்தில் கவாத்து, வசந்தத்தில் வேண்டாத தளிரைக் கிள்ளுவது, பிறகு கொடியைக் கம்பிக்குள் செருகுவது, கடைசியில் அறுவடை. அழியப்போகிறது என்று நீங்கள் எழுதியது என் கை பட்ட கொடியைப் பற்றி. அதனால்தான் இந்தக் கடிதம். நீளம் அதிகமென்றால் வெட்டிக்கொள்ளுங்கள். தேதிகளை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். காரைக்காலில் ‘சொல்தா வீடு’ என்றால்தான் தபால்காரருக்கே தெரியும். 1962-இல் புதுவையும் காரைக்காலும் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்று எழுதிக்கொடுத்த குடும்பம். கல்யாணமாகி 1986-இல் நான் வந்து இறங்கிய ஊர் போன். திஜோனுக்குத் தெற்கே, மதில் சூழ்ந்த சின்ன நகரம். மதிலைத் தாண்டினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் திராட்சைதான். கணவருக்கு ரயில் நிலையத்தில் வேலை. எனக்கு அப்போது தெரிந்த பிரெஞ்சு ‘போன்ழூர்’, ‘மெர்சி’ இரண்டோடு சரி. பேச்சுத் தேவைப்படாத வேலை ஒன்று இருக்கிறது வா என்று அடுத்த வீட்டுப் பாட்டி கையைப் பிடித்து அழைத்துப்போனார். அப்படித்தான் அறுவடைக்குப் போனேன். அவர்கள் ‘வாந்தாஞ்’ என்பார்கள். கையில் ஒரு சின்னக் கத்தரி, காலடியில் ஒரு வாளி. இரண்டு வரிசைக் கொடிக்கு நடுவே குனிந்தால் சாப்பாட்டு மணி வரை நிமிர முடியாது.

அம்மா ஆண்டுதோறும் தினசரி நாட்காட்டி ஒன்றைத் தபாலில் அனுப்புவார். காரைக்காலில் நகைக்கடைகள் இலவசமாகத் தருவதுதான். ராகு காலம் பார்க்க இல்லை, நல்லநாள் பெரியநாள் தவறிப்போகக் கூடாதே என்று. அறுவடை தொடங்குகிற நாளில் அந்தத் தாளைக் கிழித்து, பின்பக்கம் அன்றைய கூலியை எழுதி, பிஸ்கட் டப்பாவில் போடுவேன். மாதக் கடைசியில் கணக்கில் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்தது. வேறு நோக்கம் எதுவும் இருக்கவில்லை.

டப்பாவில் முதல் தாள் 1987, அக்டோபர் 5, திங்கட்கிழமை. புரட்டாசி மூன்றாம் சனி முடிந்து இரண்டாம் நாள். பெருமாள் மாதத்தில் மாமிசம் தொடாத வீடு எங்களுடையது. நடுப்பகலில் நீள மேசை போட்டுப் பன்றித் தொடை இறைச்சியைத் தட்டுத் தட்டாகப் பரிமாறியபோது நான் வெறும் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். முதலாளியம்மா எனக்கு வயிறு சரியில்லை என்று நினைத்துப் பாலாடைக்கட்டியை இரண்டு மடங்காக வைத்தார். காலையில் இலையெல்லாம் பனி ஈரம். விரல் விறைத்து, கொத்துக் காம்பு எது, என் விரல் எது என்று தெரியாமல் இடது கை ஆள்காட்டி விரலை வெட்டிக்கொண்டேன். தழும்பு இன்னும் இருக்கிறது.

அடுத்தடுத்த தாள்களைப் புரட்டினால், தொண்ணூறுகளில் தேதி மெல்ல மெல்லப் புரட்டாசியின் தொடக்கத்துக்கு வருகிறது. பிறகு 2003. ஆகஸ்ட் 21. ஆவணி பிறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. தோட்டத்தில் யாருமே தயாராக இல்லை. ஆள் திரட்ட முடியவில்லை, ஊரே கோடை விடுமுறையில் கடற்கரையில் கிடந்தது. 2020-இல் ஆகஸ்ட் 20 தொடக்கம். இரண்டு நாள் கழித்து விநாயகர் சதுர்த்தி. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பூரணக் கொழுக்கட்டை பிடித்து டப்பாவில் தோட்டத்துக்கே எடுத்துப்போனேன். போலந்துப் பையன்கள் இருவர் ஆளுக்கு ஐந்து தின்றார்கள். 2022-லும் ஆகஸ்ட்தான். பெருமாளுக்கு விரதம் இருந்துகொண்டு பறித்த பழத்தைப் பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டு பறிக்கிறேன். நாட்காட்டியைப் பார்த்து நான் புரிந்துகொண்ட பருவ மாற்றம் இவ்வளவுதான்.

ஆண்டுக்கு ஒரு படியாக இறங்கியது என்று சொன்னால் பொய். 2013-இல் அக்டோபர் 1 வரை காத்திருந்தோம். 2021-இல் செப்டம்பர் 20. எல்லாத் தாளையும் மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தால்தான் சாய்வு கண்ணில் படும்.

என் டப்பாவில் முப்பத்தெட்டு ஆண்டுக் கணக்கு. இந்த ஊரிடம் ஆறு நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது. ஊர் மன்றம் நாள் குறித்த பிறகே யாரும் தோட்டத்தில் கத்தரி வைக்கலாம் என்பது பழைய கட்டுப்பாடு. அந்த மன்றக் குறிப்புகள், இந்த ஊர் நோத்ர்தாம் தேவாலயம் தன் தோட்டத்தில் பறித்தவர்களுக்குக் கொடுத்த கூலிக் கணக்கு என்று பழைய ஏடுகளைத் துருவி, தொமா லாபே என்ற வரலாற்று ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1354 முதல் 2018 வரை போன் நகரத்து அறுவடைத் தேதிகளை வரிசைப்படுத்தி 2019-இல் வெளியிட்டார்கள். 1987 வரையிலான சராசரித் தொடக்கம் செப்டம்பர் 28. 1988-க்குப் பிறகு அது 13 நாள் முந்திவிட்டது. நான் கத்தரியைக் கையில் எடுத்தது 1987-இல் என்று சொன்னேன் அல்லவா? பழைய கணக்கின் கடைசி அறுவடை எனக்கு முதல் அறுவடை. இதை நூலகத்தில் படித்த அன்று சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கொடும் வெயில் முன்பும் உண்டு. 1540-இல் ஐரோப்பாவே வறண்டு கிடந்தது. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட ஆண்டு எப்போதாவது வந்து போகும் விருந்தாளி. இப்போது வீட்டு ஆளாகிவிட்டது.

இன்னொன்றும் எனக்குப் பிடித்திருந்தது. பருவநிலையின் இவ்வளவு நீண்ட பதிவைக் கூலிக்காரர்களின் சம்பளம்தான் காப்பாற்றித் தந்திருக்கிறது. பறித்தவர் பெயர் எதுவும் மிஞ்சவில்லை. பறித்த நாள் மிஞ்சியிருக்கிறது.

‘பழம் சீக்கிரம் பழுத்தால் நல்லதுதானே அக்கா, அலைச்சல் குறையுமே’ என்று என் தம்பி தொலைபேசியில் கேட்டான். நியாயமான கேள்விதான். கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழத்தைச் சாப்பிட்டிருக்கிறாயா என்று கேட்டேன். நிறம் வந்துவிடும், இனிப்பும் ஓரளவு இருக்கும், மணம் மட்டும் வராது. திராட்சையிலும் சர்க்கரை ஏறுவது ஒரு கடிகாரம், தோலும் விதையும் முதிர்ந்து மணம் கூடுவது இன்னொரு கடிகாரம். வெயில் முதல் கடிகாரத்தை மட்டும் முடுக்குகிறது. அதோடு பழத்தின் புளிப்பையும் தின்றுவிடுகிறது. குளிர்ந்த இரவு வேண்டும் புளிப்பு நிற்க. இரவும் வெக்கையாக இருந்தால் அது கரைந்துபோகும்.

ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை இருந்தால் நொதித்த பிறகு ஒரு சதவீதம் ஆல்கஹால். ஒயின்காரர்களுக்கு இது வாய்ப்பாடு மாதிரி. நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் நிலவறை வாசலில் சர்க்கரை மூட்டைகள் அடுக்கியிருக்கும். வெயில் போதாத ஆண்டில் சாற்றில் சர்க்கரை கலந்து ஈடுகட்டுவார்கள். நெப்போலியனிடம் அமைச்சராக இருந்த ஷப்தால் என்ற வேதியியலாளரின் பெயரால் அந்த வழக்கத்துக்கு ஒரு பெயரே உண்டு. அந்த மூட்டைகளை நான் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2003-இல் அதற்கு நேர்மாறாக, சாற்றில் புளிப்புச் சேர்த்துக்கொள்ளச் சிறப்பு அனுமதி தர வேண்டியிருந்தது. ரசத்தில் புளி போதவில்லை என்று கடைசி நேரத்தில் எலுமிச்சை பிழிகிற கதைதான். தெற்கே லாங்கதோக் பகுதியில் எண்பதுகளில் 11 சதவீதமாக இருந்த ஆல்கஹால் முப்பது ஆண்டில் 14-ஐத் தொட்டுவிட்டது. உங்கள் செய்தியாளர் சொன்ன குடிமகன்கள் இதைக் கேட்டு மகிழலாம். ஒயின் செய்கிறவர்கள் மகிழவில்லை.

இவையெல்லாம் ருசிச் சமாச்சாரம். 2021 ஏப்ரலில் பார்த்தது வேறு. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்குத் தூக்கம் கிடையாது. கவாத்துப் பண்ணுகிற தேதியை மாற்றிமாற்றி வைத்து ஆண்டு முழுவதும் பழம் எடுக்கிறார்கள். இங்கே அப்படி இல்லை. நவம்பரில் இலை உதிர்ந்தால் கொடி கட்டைபோல உறங்கும். அந்த உறக்கத்தில் உறைபனி அதை ஒன்றும் செய்யாது. மார்ச் கடைசியில் கொடியில் நீர் கசியும். கொடி அழுகிறது என்பார்கள் இந்த ஊரில். கவாத்து வெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும். பிறகு பஞ்சுபோல மொட்டு, அதைக் கிழித்துக்கொண்டு ரோஜா நிறத் தளிர். உறங்கும் கொடியைத் தொட முடியாத குளிர், இந்தத் தளிரை ஒரே ராத்திரியில் கொன்றுவிடும்.

2021 மார்ச் கடைசி வாரம் வெயில் ஆளைக் கிறங்கடித்தது. கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கொடி கட்டினேன். வெள்ளை ஒயினுக்கான ஷர்தொனே கொடிகளில் தளிர் விரிந்துவிட்டது. அது எப்போதுமே அவசரக்காரி; சிவப்புக்கான பினோ நுவார் சற்றுப் பொறுத்தே கண் விழிப்பாள். ஏப்ரல் 5 திங்கட்கிழமை, ஈஸ்டருக்கு மறுநாள், வடக்கிலிருந்து காற்று திரும்பியது. அன்று மாலை முதலாளியம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். அறுவடைக்கு அழைக்கிற குரலாக அது இல்லை.

இரவு இரண்டு மணி. வரிசைக்கு வரிசை பெயின்ட் டப்பா அளவில் மெழுகு டப்பாக்கள். ஒரு ஹெக்டேருக்கு நூற்றுக்கணக்கில் வைத்து ஒவ்வொன்றாகப் பற்றவைக்க வேண்டும். கையுறை போட்டால் தீப்பெட்டி பிடிக்க வராது, கழற்றினால் விரல் வராது. சரிவில் நின்று பார்த்தேன். எங்கள் தோட்டம், அடுத்த தோட்டம், அதற்கடுத்த கிராமம் என்று மலையடிவாரம் நெடுக ஆயிரக்கணக்கில் தீபம். திருக்கார்த்திகை நினைவுக்கு வந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த இடத்தில் அழகு பற்றிப் பேசுவது பாவம்போல் இருந்தது. மெழுகு வாங்க வசதி இல்லாதவர்கள் வைக்கோல் கட்டுகளைக் கொளுத்தினார்கள். விடியும்போது பனிக்குளிரில் வாடிய தளிர் மேல் காலைச் சூரியன் சுள்ளென்று விழுந்தால் அதுவே பொசுக்கிவிடுமாம்; அதைத் தடுக்கப் புகைத்திரை. மூன்று இரவு இப்படிப் போனது. சில பள்ளங்களில் சுழியத்துக்குக் கீழே ஐந்து, ஆறு டிகிரி வரை இறங்கியது. மூன்றாம் நாள் விடிந்தபோது ஷர்தொனே தளிர்கள் வெந்த கீரைபோலத் தொங்கின. விரலால் தொட்டால் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. முதலாளியம்மா ஒரு வரிசை முழுக்க நடந்து போய்த் திரும்பினார். ‘வீட்டுக்குப் போ, தூங்கு’ என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் நாடு முழுவதும் அதே கதை. திராட்சை மட்டுமல்ல, செர்ரி, சர்க்கரை பாதாமி எல்லாம் போயின. இந்த நூற்றாண்டில் இதுவரை கண்டதிலேயே பெரிய வேளாண் பேரழிவாக இருக்கலாம் என்று விவசாய அமைச்சரே சொன்னார்.

‘உலகம் சூடாகிறது என்கிறீர்கள், பிறகு பனி எப்படிக் கொல்லும்?’ இதை உங்கள் வாசகர்களில் பாதிப் பேர் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதே கேள்வியை நானும் கேட்டேன். அந்த ஜூன் மாதமே விஞ்ஞானிகள் ஓர் ஆய்வை வெளியிட்டு விளக்கினார்கள். ஏப்ரல் உறைபனி முன்பைவிடக் குறைந்துதான் இருக்கிறது. ஆனால் குளிர்காலமும் மார்ச்சும் இளஞ்சூடாகி, கொடி அதைவிட வேகமாகக் கண்விழிக்கிறது. பனி ஓர் அடி பின்வாங்கினால் தளிர் இரண்டு அடி முன்னால் வந்து நிற்கிறது. இப்படி வளர்ந்துவிட்ட தளிரைப் பனி தாக்கும் வாய்ப்பு, மனிதர்கள் உண்டாக்கிய வெப்பத்தால் 60 சதவீத அளவுக்குக் கூடியிருக்கிறது என்று கணக்கிட்டார்கள். அந்த மூன்று இரவும் நாங்கள் கொளுத்திய மெழுகும் மண்ணெண்ணெய் வகையறாதான் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அதன் புகை எங்கே போயிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எல்லாப் பழியையும் வெப்பத்தின் தலையில் போடுகிறவள் அல்ல நான். 2012, 2013, 2014 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு ஆலங்கட்டி விழுந்து பொம்மார், வொல்னே கிராமங்கள் நொறுங்கின. அதை எந்தக் கணக்கில் எழுதுவது? 2024-இல் மழையோ மழை. அடிச்சாம்பல் நோய் வந்து கொத்துகள் கருகி உதிர்ந்தன. என் கடைசி அறுவடையில் வாளி நிறையவே இல்லை. பத்து நாள் வேலை ஆறு நாளில் முடிந்தது. விவசாயம் என்றால் இது எப்போதும் உண்டு.

கூலிக்காரர்கள் பக்கம் ஒன்றைச் சொல்லாமல் விட மாட்டேன். அக்டோபரில் விரல் விறைத்ததுதான் என் பழைய குறை. ஆகஸ்டுக்கு வந்த பிறகு மண்டை பிளந்தது. 2003 கோடையில் பிரான்சில் வெப்ப அலைக்கு ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தனியாக இருந்த முதியவர்கள். என்னை முதல் நாள் கைப்பிடித்து அழைத்துப்போன பாட்டி அந்த ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தார். 2023 செப்டம்பரில், ஷாம்பெயின் தயாராகும் ஷாம்பாஞ் வட்டாரத்து அறுவடையில் வெயிலில் வேலை பார்த்த கூலியாட்கள் சிலர் விழுந்து இறந்தார்கள். வெப்பத் தாக்கு காரணமா என்று அரசு வழக்கறிஞர் விசாரணைக்கு உத்தரவிட்டார். ஒரு பாட்டிலின் விலை ஏறுவதைச் செய்தியாக்குகிறவர்கள் அந்தப் பாட்டிலுக்காக விழுந்தவர்களை எட்டு வரியில் ஒரு வரியாகவாவது சேர்த்திருக்கலாம்.

‘அப்படியானால் வேறு இடத்துக்குப் போக வேண்டியதுதானே, வேறு வகை நட வேண்டியதுதானே’ என்பார்கள். நம் ஊரில் திராட்சை நட்டம் தந்தால் வெட்டிவிட்டு வாழை வைப்பார்கள். பூர்கோஞ்சில் ‘கிளிமா’ என்று ஒரு சொல் இருக்கிறது. பிரெஞ்சில் மற்ற எல்லோருக்கும் அதற்குப் பருவநிலை என்று பொருள். இங்கே மட்டும் அது ஒரு வயலின் பெயர். எல்லை வகுத்து, மண் பார்த்து, நூற்றாண்டுகளாகப் பெயர் சொல்லி அழைக்கப்படுகிற துண்டு நிலம். இந்தச் சரிவில் மட்டும் இப்படி 1,247 கிளிமாக்கள். 2015-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டன. இரண்டு கிளிமாக்களுக்கு நடுவே ஒரு மாட்டுவண்டி போகும் பாதைதான் இருக்கும்; பாட்டில் விலையோ பல மடங்கு வேறுபடும். எந்த வகைக் கொடி, எப்படிக் கவாத்து, ஹெக்டேருக்கு எவ்வளவு விளைச்சல் என்பதெல்லாம் சட்டத்தில் எழுதியது. பினோ நுவாரைப் பிடுங்கிவிட்டு வெயில் தாங்கும் இன்னொன்றை நட்டால், அந்த வயலின் பெயரை பாட்டிலில் ஒட்ட முடியாது. பெயர் போனால் அது வெறும் சுண்ணாம்புச் சரிவு. வங்கிக் கடனோ பெயரை நம்பிக் கொடுத்தது. நட்ட கொடி காய்க்க மூன்று நான்கு ஆண்டு, நன்றாகக் காய்க்கப் பத்து ஆண்டு, ஐம்பது அறுபது வயதுக் கொடிக்குத்தான் மரியாதை. இன்று நடுகிறவர் 2070-இல் என்ன வெயில் அடிக்கும் என்று யோசித்து நட வேண்டும். வெயில் நகர்ந்துபோகிறது, பெயர் நகர முடியவில்லை. இங்குள்ளவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான்.

சட்டமும் அசையத் தொடங்கியிருக்கிறது, ஆமை வேகத்தில். பிரான்சின் இன்னொரு பெரிய ஒயின் வட்டாரமான போர்தோவில் 2021-இல் ஆறு புதிய வகைகளை அனுமதித்தார்கள். அவற்றில் ஒன்று போர்ச்சுகல் வெயிலில் வளரும் தூரிகா நாசியொனால். அதற்கும் எவ்வளவு கறார் பாருங்கள்: ஒருவர் தன் தோட்டத்தில் 5 சதவீதத்துக்கு மேல் நடக் கூடாது, கலவையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பணம் இருப்பவர்கள் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. ஷாம்பாஞ்சின் பெரிய நிறுவனங்களில் ஒன்றான தெத்தஞ்ஜே 2015-இலேயே இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் நிலம் வாங்கி, 2017-இல் கொடி நட்டுவிட்டது. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே சுண்ணாம்பு மண். குளிர் என்று ஒதுக்கிய ஊர் இப்போது பதமாக இருக்கிறது. என் முதலாளியம்மாவுக்கு ஆறு ஹெக்டேர். அவர் எங்கே போவார்?

இப்போது உங்கள் தலைப்புக்கு வருகிறேன். ‘உலக ஒயின் தோட்டங்களில் 90 சதவீதம்’ என்பது தவறு. போர்தோவில் பேராசிரியராக இருக்கும் கொர்னேலிஸ் வான் லேவன் குழுவினர் 2024-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையிலிருந்து வந்த எண் அது. ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ், தெற்குக் கலிபோர்னியா ஆகியவற்றின் கடலோர, தாழ்நிலத் தோட்டங்களைப் பற்றி மட்டும் அவர்கள் சொன்னார்கள். அதுவும், வெப்பம் இரண்டு டிகிரிக்கு மேல் போனால், இந்த நூற்றாண்டின் முடிவில், வறட்சியாலும் வெப்ப அலையாலும் 90 சதவீதம் வரை ஆபத்து என்று. அதே அறிக்கை வேறு சில இடங்களுக்கு இதனால் வாய்ப்புக் கூடும் என்றும் சொல்கிறது. நீங்கள் நிபந்தனையை விட்டீர்கள், ஊர்ப் பெயர்களை விட்டீர்கள், எண்ணை மட்டும் வைத்துக்கொண்டீர்கள்.

2020-இல் இன்னொரு குழு போட்ட கணக்கு எனக்கு இதைவிட உபயோகமாகப் பட்டது. இரண்டு டிகிரி கூடினால், இன்றுள்ள வகைகளையே பிடித்துக்கொண்டிருந்தால், ஒயின் திராட்சை விளையும் நிலத்தில் 56 சதவீதம் தகுதி இழக்கும். வகைகளை மாற்றி நட்டால் அந்த இழப்பு 24 சதவீதமாகக் குறையும். நான்கு டிகிரி கூடினாலோ, மாற்றி நட்டும் 58 சதவீதம் போய்விடும். 56-க்கும் 24-க்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது பாருங்கள். அந்த இடத்தில்தான் என் முதலாளியம்மாவைப் போன்றவர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். எல்லாம் அழியும் என்று எழுதிவிட்டால் அவர்கள் செய்வதற்கு எதுவும் இல்லை என்றாகிவிடுகிறது.

தெற்கத்தி நிலவரம் எனக்குக் கேள்விதான். 2019 ஜூன் 28-ஆம் தேதி வெரார்க் என்ற ஊரில் 46 டிகிரி அடித்தது, பிரான்சில் பதிவான உச்சம் அதுவே. அந்தப் பக்கம் அறுவடைக்குப் போகும் தோழி ஒருத்தி ஒரு கொடியின் படத்தை அனுப்பினாள். இலையும் பிஞ்சும் தீயில் வாட்டிய அப்பளம்போல இருந்தன. ‘நேற்று காலை பச்சையாக இருந்தது’ என்று கீழே எழுதியிருந்தாள்.

திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். இன்னும் ஒன்று. செய்தியோடு நீங்கள் போட்டிருந்த படத்தில் இருந்தது பந்தல் திராட்சை. தலைக்கு மேல் தொங்கும் கொத்துகளுக்குக் கீழே ஒருவர் சிரித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறார். பூர்கோஞ்சில் பந்தல் கிடையாது. கொடி இடுப்பளவு, கொத்து முழங்காலளவு. முப்பத்தெட்டு அறுவடை முழுக்கக் குனிந்தே பறித்தேன். நாளைக்கும் முதுகுக்கு வைத்தியரைப் பார்க்கப் போகிறேன். அடுத்த முறை படமாவது சரியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
காரைக்காலில் பிறந்த ஒரு வாசகி,
போன், பிரான்ஸ்.